மனநல மருத்துவமனையில் ‘சைக்கியாட்ரிக் டெக்னீஷியன்’ வேலை: சேரலாமா?

கேள்வி
எழுதியவர்: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபத்து நான்கு. உயிர்வேதியியலில் பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள் ஒரு மருந்துக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் நகரில் உள்ள ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் ‘சைக்கியாட்ரிக் டெக்னீஷியன்’ என்ற பணிக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். மருத்துவமனையின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, இரவுப் பணிக்கு வருவீர்களா என்ற மூன்று கேள்விகளோடு நேர்காணல் முடிந்துவிட்டது. படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு இரவுகள் வந்து வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி கூறினார்கள்.

முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இரவு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உறங்காமல் வார்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கட்டில் கட்டிலாகச் சென்று, உறங்குகிறவர்களைத் தட்டி எழுப்பி, மணி என்ன என்று கேட்டார். இருபத்திரண்டு நோயாளிகளுக்கு அன்றிரவு இருந்த பணியாளர்கள் இருவர்தான். மூன்றாவது ஆளாக நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி அளவில் படுக்கை விரிப்பைக் கிழித்து, அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டிலோடு கட்டினார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது நானும் பிடித்தேன். ஐந்து மணிக்குத்தான் அவிழ்த்தார்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டாமா என்று விசாரித்ததற்கு, “ஆள் இல்லாதபோது வேறு என்ன செய்வது, இங்கே இதெல்லாம் வழக்கம்தான்” என்று பதில் வந்தது. வார்டுக் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு இந்த வேலையில் துளியும் விருப்பமில்லை. நாளைக்குப் பெண் கேட்டுப் போகும் இடத்தில் பையனுக்கு என்ன வேலை என்று கேட்டால் எப்படிச் சொல்வது என்பது அவருடைய கவலை. எனக்கோ, அந்த இரவையும் மீறி, இந்தத் துறையின்மீது ஏதோ ஓர் ஈர்ப்பு இருக்கிறது. இந்தப் பணியில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? இதற்கென்று படிப்பு உண்டா? நான் பார்த்தது முறையானதுதானா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.


பதில் 1
எழுதியவர்: பழைய வார்டுக்காரர்

தம்பி, மனநல வார்டில் இருபத்தேழு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்தில் டெக்னீஷியன் என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். அட்டெண்டர் அல்லது வார்டு பாய், அவ்வளவுதான். தலைமுடி நரைத்த பிறகும் நான் ‘பாய்’தான். பெயர் மாறியிருக்கிறது, வேலை மாறியதாகத் தெரியவில்லை.

உயரத்தையும் எடையையும் கேட்டார்கள் என்றால் அவர்கள் கல்யாண மண்டப வாசலில் நிறுத்துவதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று பொருள். இந்த வேலைக்கு உடம்பு வேண்டியதுதான், ஆனால் அது இரவு முழுதும் கண் விழிப்பதற்காக. என்னோடு இருந்தவர்களில் மிகச் சிறந்தவர் ஐந்தடிக்கும் சற்றே கூடுதலான, ஒடிசலான மனிதர். யாராவது கத்திக்கொண்டு எழுந்தால் மற்றவர்களை விலக்கிவிட்டு அவர் ஒருவர் மட்டும் பேசுவார். இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பார். கதவுக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கமாட்டார், ஏனென்றால் வழியை மறைத்தால் பயந்தவன் மோதத்தான் செய்வான். குரலை உயர்த்தாமல், “தண்ணீர் குடிக்கிறீர்களா, ஐயா?” என்றுதான் தொடங்குவார். பாதிக்கு மேற்பட்ட சண்டைகள் அந்தத் தண்ணீரோடு முடிந்துபோகும்.

வேலை என்னவென்று கேட்டீர்கள். புதிதாக ஒருவர் சேரும்போது அவருடைய உடைமைகளைப் பார்த்து எடுத்துவைப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. பெல்ட், துப்பட்டா, ஊக்கு, கண்ணாடி வளையல், சவர பிளேடு ஆகியவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். இடுப்பில் கிடக்கும் அரைஞாண் கயிற்றைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். திருமணமான பெண்களிடம் மஞ்சள் கயிற்றுத் தாலியைக் கழற்றச் சொல்வது எந்தப் பெண் பணியாளருக்கும் எளிதான காரியமாக இருந்ததில்லை. பெரும்பாலும் தாயோ மாமியாரோ வந்து பேசும்வரை ஓர் ஆள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பிறகு குளிக்கவைப்பது, சாப்பிடவைப்பது, மாத்திரை கொடுக்கும்போது செவிலியருக்குத் துணை நிற்பது. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பின்பு துப்புகிறவர்கள் உண்டு. வாயைத் திற என்று அதட்டினால் பகைதான் மிஞ்சும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், வாயில் எதையும் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேச முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. ஒரு மே மாதம், கத்தரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். லித்தியம் மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பெரியவர் காலைக் காப்பியை இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். முந்தைய நாள்வரை ஒரு கையால் குடித்தவர் அவர். சட்டையில் இரண்டு சொட்டு சிந்தியிருந்தது. அதைப் போய்ச் சொன்னேன்; செவிலியர் அவரை நடக்கவைத்துப் பார்த்தார், கால் தள்ளாடியது. இரவிலிருந்து இரண்டு முறை பேதியானதை அவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இரத்தத்தில் லித்தியம் 0.6 முதல் 1.2 வரை இருக்கலாம் என்பார்கள்; அவருக்கு அது எல்லை தாண்டிப் போயிருந்தது. வியர்வையிலும் பேதியிலும் உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் அந்த மருந்து வெளியேறாமல் தேங்கிவிடும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் அன்றைக்குத் தெரியாது, டம்ளரைப் பிடித்த கை மாறியது மட்டும்தான் தெரியும்.

நடந்துகொண்டிருந்தவரைக் கட்டியது தவறு. நானாக இருந்தால் அவரோடு கூட நடந்திருப்பேன், கேட்டபோதெல்லாம் மணி சொல்லியிருப்பேன். ஆனாலும் வேலையில் சேருங்கள் என்றே சொல்வேன். நல்ல ஆட்கள் உள்ளே போனால்தான் அந்த இடம் திருந்தும்.


பதில் 2
எழுதியவர்: இரவுப்பணிச் செவிலி

பெரியவர் எழுதிய எல்லாவற்றையும் வணங்கி ஏற்கிறேன், கடைசி இரண்டு வரிகளைத் தவிர. நான் மனநலச் செவிலியத்தில் தனிப் பட்டயம் பெற்று, சென்னையில் பணிபுரிகிறேன்.

முதலில் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 97-ஆம் பிரிவின்படி, ஒருவரைத் தனியறையில் அடைத்துவைக்கக் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது என்பது, அவருக்கோ பிறருக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. எப்படிக் கட்டுப்படுத்தினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டிக் கட்டக் கூடாது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. உங்களுக்குக் கிடைத்த பதில், சட்டம் பெயர் சொல்லி மறுத்த அதே காரணம். இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குறிப்பேட்டில் எதுவும் எழுதப்படாத ஓர் இரவில் துணியின் ஒரு முனை உங்கள் கையில் இருந்தது என்பதை நான் கடுமையாகச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் புதியவர்தான் முதலில் மாட்டுவார் என்பதற்காகச் சொல்கிறேன். ஆகவேதான் ‘உள்ளே போய்த் திருத்து’ என்ற அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டிவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாநிலம் மறந்திருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அது சங்கிலி, இது படுக்கை விரிப்பு என்று யாரேனும் வேறுபாடு சொல்லலாம். தீக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இரண்டாவதாக, அந்த மனிதரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவர் நின்றுகொண்டிருக்கும்போது காலை மாற்றி மாற்றி ஊன்றினாரா? உட்கார வைத்தால் உடனே எழுந்தாரா? ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைத் தொடங்கிய பின்போ அளவைக் கூட்டிய பின்போ சிலருக்கு அகத்திசியா என்ற பக்கவிளைவு வரும். உடம்புக்குள் எறும்பு ஊர்வதைப் போல ஒரு தவிப்பு. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, நடந்தால்தான் சற்று ஆறும். பார்க்கிறவர்களுக்கு நோய் முற்றியதுபோலத் தோன்றும். அதை நம்பி அதே மருந்தை இன்னும் கூட்டினால் தவிப்பு இரட்டிப்பாகும். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்தோ, புரொப்பிரனலால் போன்ற ஒன்றைச் சேர்த்தோ அதைச் சரிசெய்ய முடியும். நான் அவரைப் பார்க்கவில்லை, ஆகவே அதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவாக இருந்திருந்தால், நடந்தால் மட்டுமே ஆறுகிற ஒரு தவிப்போடு அவர் நான்கு மணி நேரம் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்திருக்கிறார்.

இதேபோல வார்டில் இருப்பவர் கண்ணில்தான் முதலில் படும் வேறு சிலவும் உண்டு. ஊசி போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒருபக்கம் கோணிக்கொண்டு கண்கள் மேலே செருகிவிடும். ‘சாமி வந்துவிட்டது’ என்று உறவினர்கள் கைகூப்பி நின்றதை நானே பார்த்திருக்கிறேன், ஒரு பினர்கன் ஊசியில் அது இறங்கிவிடும். காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டைபோல் விறைத்து, பேச்சுக் குழம்பினால் அது உயிருக்கே ஆபத்து. குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னால் அதுவும் அப்படித்தான். இ.சி.டி. எனப்படும் மின்னதிர்வுச் சிகிச்சைக்குப் போகும் நாளில், விடியற்காலை யாரும் இரக்கப்பட்டு ஒரு வாய் டீ கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பணியாளர்தான். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். பல இடங்களில் ‘டீ கொடுக்காதே’ என்ற கட்டளை மட்டும்தான் இருக்கிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. காரணம் தெரியாத கட்டளை, டீக்காகக் கெஞ்சுகிற முகத்தின் முன்னால் நிற்காது.

படிப்பைப் பற்றி: 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் மருத்துவப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மனநல ஆதரவுப் பணியாளர் என்ற வகை இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சட்டம் துணைநிலைப் பணியாளருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. எடையைக் கேட்டு வேலை கொடுப்பது அதில் எங்கும் இல்லை. உங்கள் வயதுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: மூன்றாண்டுச் செவிலியப் பட்டயம் முடித்துப் பதிவு செய்துகொண்டால், அதன்மேல் ஓராண்டு மனநலச் செவிலியப் பட்டயம் படிக்கலாம். நான் வந்த வழி அது.

இனி எந்த இடத்துக்கு நேர்காணலுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் சுவரைப் பாருங்கள். நோயாளிகளின் புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். நோயாளிகள் விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம், தலையைக் கட்டாயமாக மழிக்கக் கூடாது என்பவையும் சட்டத்தில் உள்ளவை. எல்லோரும் ஒரே நிறச் சீருடையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தால் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.


பதில் 3
எழுதியவர்: மயிலை மேகம்

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. என் தம்பிக்குப் பதினோரு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். உங்கள் அம்மாவின் கவலையைப் படித்ததால் எழுதுகிறேன்.

அவன் முதன்முறை சேர்க்கப்பட்டிருந்தபோது குளிக்கவே மறுத்தான். அழுக்கில் கிடப்பது நோயின் அறிகுறி என்று எங்களிடம் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். அங்கே இருந்த ஓர் உதவியாளர்தான், அவன் குளியலறைக் குழாயைத் திறந்தால் மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறான் என்பதைக் கவனித்தார். தண்ணீர் விழும் சத்தத்துக்குள் யாரோ தன்னைப் பெயர் சொல்லித் திட்டுவது அவனுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் முதல் அந்த அண்ணன் வெளியிலேயே வாளியை நிரப்பிக்கொண்டு வந்து உள்ளே வைப்பார், அவன் குளித்தான். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவரால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, அவரைக் குறை சொல்லவும் இல்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாளியை நிரப்பித்தான் வைக்கிறோம்.

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கி, 1871 முதல் இப்போதைய வளாகத்தில் இயங்கும் அங்குள்ள மனநல மருத்துவமனையில் எத்தனை குடும்பங்கள் தங்கள் பிள்ளையைத் திரும்பப் பெற்றிருக்கின்றன என்பது அந்தக் கேலியில் வருவதில்லை. பெண் வீட்டாரிடம் மருத்துவமனையில் வேலை என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. எந்த மருத்துவமனை என்று கேட்டதும் முகம் சுளிக்கிற வீட்டைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்களேன்.


பதில் 4
எழுதியவர்: சாக்ரமெண்டோ சென்னைக்காரன்

பதவியின் பெயரைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. சைக்கியாட்ரிக் டெக்னீஷியன் என்பது நான் வசிக்கும் கலிபோர்னியாவில் உரிமம் பெற்றே செய்யவேண்டிய தொழில். 576 மணி நேரம் வகுப்பும் 954 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, அதன்பின் உரிமத் தேர்வும் எழுத வேண்டும். உரிமம் பெற்றவர்கள் மருந்து கொடுக்கவும் செய்வார்கள். நம் ஊரில் வார்டு உதவியாளர் வேலைக்கு அந்தப் பெயரை வைத்திருப்பதால், பிற்காலத்தில் அனுபவச் சான்றிதழைக் காட்டி இங்கே வந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். பெயர் ஒன்றுதான், படிப்பு இல்லாமல் அது இங்கே செல்லாது.


மறுமொழி
எழுதியவர்: பெரம்பூர்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலி அக்கா கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்த இரவு மீண்டும் கண்முன் வந்தது. தண்ணீர்க் குடத்தின் அருகே நின்று குடிக்கும்போதுகூட அவர் இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பொறுமையின்மை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை நேரில் சென்று, பகல் பணியில் இருந்த மருத்துவரைச் சந்திக்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பார்த்ததையும், கட்டியதையும், நானும் ஒரு முனையைப் பிடித்ததையும் சொன்னேன். முதலில் அவர் முகம் இறுகியது. கால் மாற்றி நின்றதைச் சொன்னபோது மட்டும் பேனாவை எடுத்து, எந்தத் தேதி, எத்தனை மணி, உட்கார வைத்தபோது என்ன செய்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கட்டியதைப் பற்றி எதையும் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. வெளியே வரும்போது வரவேற்பறைச் சுவரைப் பார்த்தேன். ஒரு வேங்கடாசலபதி படமும் கட்டண விவரமும் இருந்தன, வாரியத்தின் முகவரி இல்லை.

வேலைக்கு வரவில்லை என்று திங்கட்கிழமை தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். செவிலியப் பட்டயத்துக்கான விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் பேசவில்லை, ஆனால் சான்றிதழ்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுஆய்வு வாரியத்துக்கு எழுதும் கடிதத்தை நேற்று இரவு முடித்தேன், அதில் என் பங்கையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதே தொலைபேசி அழைப்பில், அந்த மனிதர் இப்போது உறங்குகிறாரா என்று கேட்டுப் பார்த்தேன். நோயாளிகளைப் பற்றி வெளியாட்களிடம் சொல்வதற்கில்லை என்றார்கள். நான் இப்போது வெளியாள் என்பதால், முறைப்படி அது சரியான பதில்தான்.